பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

துறையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழு மாணவர் வந்து கேட்டபோது, வழக்கம்போல் இலக்கியத் தலைப்பு ஒன்றையே தருவதாக எண்ணியிருந்தோம். ஆயினும் சில ஆண்டுகளாக நம் நெஞ்சை விட்டு அகலாத செய்தி வேறொன்று உண்டு. அது கணிப்பொறியைப் பற்றியது. அதே வேளையில் எழுத்தைப் பற்றியதும் ஆகும். எழுத்தைப் பற்றியதாகலின் தமிழ் பயிற்றுவோர் அதனைப் பேசுவதில் குற்றமில்லை என்னும் துணிவில் இதனை எழுதலானோம். நாம் கணிப்பொறி அறிவியல் கற்றவர் அல்லோம். ஒரு பிழையைச் செய்து, அதன் காரணத்தைத் தேடித் தெரிந்துகொண்டவர் என்ற தகுதி மட்டுமே நமக்கு உண்டு.

ஊரும் பேச்சும்

தேங்காய்ப்பட்டணம் எம் சொந்த ஊர். குழித்துறை ஆறு அரபிக் கடலில் கலக்கும் இடத்தில், தென்னைகளின் நடுவே அமைந்த ஊர் அது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தமையால், எம் முந்தைய தலைமுறையினர் பலர் பள்ளியில் மலையாளம் படித்தனர். மதரசாவில் அரபு எழுத்துப் படித்தனர். வீட்டில் தமிழ் பேசினர். அவ்வூர்ப் பேச்சைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்து நிறுத்திய தோப்பில் முஹம்மது மீரான் அவர்களும் மலையாள வழியில் கல்வி கற்றவரே. அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் நூலாக வெளிவந்தது. ‘சாய்வு நாற்காலி’ 1997-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது.

2019-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் மீரான் அவர்கள் மறைந்தார். அவ்வாண்டு வகுப்பில் அவருடைய நாவலை நடத்துகையில், கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவரே சில சொற்களுக்குப் பொருள் அறியாது விழிப்பதைக் கண்டோம். அவை அவர்களுடைய பாட்டிமார் அன்றாடம் வழங்கிய சொற்கள். அகராதியில் தேடிக் காணக்கூடியவையும் அல்ல. ஆகவே ஐந்து மாணவரைச் சேர்த்துக்கொண்டு, ஊர் முதியோரின் பேச்சைப் பதிவு செய்து எழுதி வைக்கும் சிறு முயற்சியில் இறங்கினோம். இருவகைக் கோப்புகளை உருவாக்குவது எனத் திட்டமிட்டோம். ஒருவகை, ஒரு சொல்லும் அதன் பொருளும் வழக்கும் கொண்ட சொற்பதிவு. மற்றொருவகை, ஒருவர் பேசியதை அவர் பேசியவாறே எழுதிய பேச்சுப்பதிவு.

ஆறு பேர் ஆறு இடங்களிலிருந்து எழுதுவதை ஒழுங்கு செய்வது எவ்வாறு? திருவனந்தபுரத்தில் மென்பொருள் பணி பார்க்கும் எம் தங்கை மகனிடம் கேட்டோம். “மாமா, யாரு எதை எப்ப மாத்தினாங்கன்னு தெரியணும்னா அதுக்கு கிட் தான் சரியா வரும்” என்று கூறி, அவரே அதனை அமைத்தும் கொடுத்தார்.

கிட் என்பது பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகளுள் ஒன்று. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மூலநிரலைப் பல நாட்டார் கூடி எழுதிவந்த நிலையில், அவர்தம் திருத்தங்களை நிரல்படக் காப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனை உருவாக்கினார். தமிழ் மாணவருக்கு விளங்குமாறு சொல்வதெனில், ஒரு நூலின் எல்லா ஏடுகளையும் தேதியிட்டு, படியெடுத்தவர் பெயரிட்டு, ஒன்றையும் எறியாமல் அடுக்கி வைத்திருக்கும் பதிப்பாசிரியர் ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். அது மட்டுமன்று, அவ்வடுக்கு முழுவதும் பங்குபெறும் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கும். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த பெரியோரின் வரலாற்றைக் கற்பிக்கும் நமக்கு இச்செய்தி அளித்த மகிழ்ச்சி பெரிது.

உம்மாவின் பேச்சு

2020-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், குளச்சலைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்து எம் உம்மாவின் பேச்சைத் தம் கைபேசியில் பதிந்தார். உம்மாவுக்கு அப்போது அகவை எழுபத்தெட்டு. தமிழ் எழுத்தை அவர் வாசிக்க மாட்டார். ஆனால் தம் வாப்பா கொழும்பிலிருந்து அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களை ஒரு காலத்தில் தெருவுக்கே வாசித்துக் காட்டியவர். ஏ.வி.எம். கால்வாய்க் கரையில் கதம்பையை ஊறப்போட்டது, அதனை அடித்து நார் எடுத்துக் கயிறு திரித்தது, வள்ளம் வந்து நிற்கும் ஓசை கேட்டுப் பிள்ளைகள் ஓடியது, கடிதம் வராத மாதங்களில் வீட்டில் நிலவிய அமைதி என ஒன்றரை மணி நேரம் பேசினார். இடையில் மாணவர் ஒரு சொல்லை எழுதிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, “எழுதினா மட்டும் போதுமா மக்களே, வாயில சொல்லிப் பாரு” என்றார். மாணவர் சொன்னார், உம்மா திருத்தினார், மீண்டும் சொன்னார்.

அப்பேச்சை மாணவர் பதினான்கு பக்கங்களில் எழுதிச் சேர்த்தார். 2021-ஆம் ஆண்டில் எம் உம்மா வஃபாத்தானார்கள். அவ்வாண்டு நவம்பரில் குமரி மாவட்டத்தைச் சூழ்ந்த மழை வெள்ளத்தில் மாணவரின் வீட்டினுள் நீர் புகுந்து கைபேசி பழுதாயிற்று. குரல் போயிற்று. பதினான்கு பக்கங்கள் மட்டும் எஞ்சின. அவை கிட்டில் பத்திரமாக உள்ளன என்று எண்ணி ஆறுதல் கொண்டோம்.

2022-இல் துறைக்குப் புதிய கணிப்பொறி ஒன்று வந்தது. அதில் விண்டோஸ் இயங்குதளம் இருந்தது. தொகுப்பு முழுவதையும் அதில் இறக்கினோம். இறங்கும்போது ஆங்கிலத்தில் சில வரிகள் ஓடின. ஓடுவது இயல்புதானே என்று படியாது விட்டோம். இறங்கி முடிந்ததும், நாம் ஒரு விரலும் வைக்காத கோப்பு ஒன்று ‘மாற்றப்பட்டுள்ளது’ என்று அமைப்பு அறிவித்தது. மாணவர் எவரேனும் திருத்தியிருப்பார் என்று கருதி, எல்லா மாற்றங்களையும் ஏற்றுக்கொள்ளுமாறு பணித்து, பொதுச் சேமிப்புக்கும் அனுப்பிவிட்டோம். நாம் செய்த பிழை இதுவே. படியாமல் ஒப்பம் இடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இரண்டு மாதம் கழித்து, உம்மாவின் நினைவு மேலிட்ட ஓர் இரவில் அப்பதினான்கு பக்கங்களைப் படிக்க விரும்பி, ‘உம்மா’ என்று பெயரிட்ட கோப்பைத் திறந்தோம். அதில் இருந்தவை மூன்றே வரிகள். ‘உம்மா: பெயர்ச்சொல். தாய். முஸ்லிம்களிடையே வழங்குவது, அரபு மொழியின் உம்ம் என்பதோடு ஒப்புநோக்கத்தக்கது.’ அவ்வரிகளை எழுதியவரும் நாமே. சொற்பதிவு இருந்தது, பேச்சுப்பதிவைக் காணவில்லை.

உடனே குளச்சல் மாணவரை அழைத்தோம். அவர் தம் மடிக்கணினியைத் திறந்து பார்த்து, “சார், இங்க ரெண்டு கோப்பும் இருக்கு. ஆனா ரெண்டுலயும் ஒரே மூணு வரிதான் இருக்கு” என்றார். அவரும் புதிய பதிப்பை முன்பே இறக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் விளங்கவில்லை. எம் கணிப்பொறியில் ஒரு கோப்பு; அவருடைய கணிப்பொறியில் இரண்டு.

போலியும் வேற்றெழுத்தும்

காரணம் பின்னர்த் தெரிந்தது. கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயரிட வேண்டும் என்பது நாம் வகுத்த விதி. உம்மா என்ற சொல்லின் பொருளை எழுதிய நாம், முழுவதும் சிறிய எழுத்தில் அப்பெயரை இட்டோம். மாணவரோ, “எங்க சாரோட உம்மா, அது ஒரு ஆளோட பேர் மாதிரி, அதனால முதல் எழுத்தைப் பெரிசாப் போட்டேன்” என்றார். ஆங்கிலத்தில் சிறப்புப்பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவது மரபு. பொதுப்பெயரையும் சிறப்புப்பெயரையும் இலக்கண வகுப்பில் கற்பித்தவர் நாமே. அதனை அவர் கருத்தோடு கடைப்பிடித்திருந்தார். உலகிலுள்ள எல்லாத் தாய்மார்க்கும் உரிய சொல் சிறிய எழுத்தில்; எம் உம்மா ஒருவர் மட்டும் பெரிய எழுத்தில்.

தமிழில் இவ்வேறுபாடு இல்லை. அரபுக்கும் மலையாளத்திற்கும் இல்லை. உரோமன், கிரேக்கம், சிரில்லிக், ஆர்மீனியம் முதலிய சில எழுத்துமுறைகளிலேயே பெரிய வடிவும் சிறிய வடிவும் உள்ளன. கண்ணுக்கு அவை ஓரெழுத்தின் இருவடிவங்கள். கணிப்பொறிக்கோ எழுத்து என்பது எண். ஆஸ்கி என்னும் குறியீட்டு முறை 1963-இல் முதலில் வெளியானபோது அதில் சிறிய எழுத்துகள் இடம்பெறவில்லை. 1967-ஆம் ஆண்டின் திருத்தத்தில் இடம்பெற்றன. அதன்படி பெரிய ‘ஏ’யின் எண் 65, சிறிய ‘ஏ’யின் எண் 97. உம்மாவின் முதலெழுத்தாகிய ‘யு’ பெரிதாயின் 85, சிறிதாயின் 117. எவ்வெழுத்தை எடுத்தாலும் இடைவெளி 32.

இவ்விரு எண்களையும் ஒன்றெனக் கொள்வதா, வேறெனக் கொள்வதா? இங்கேதான் இயங்குதளங்கள் பிரிகின்றன. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ், எண் வேறாயின் எழுத்தும் வேறு, எழுத்து வேறாயின் பெயரும் வேறு என்று கொள்ளும். விண்டோஸும் மேக்கும் இயல்பான அமைப்பில், நாம் இட்ட வடிவை அவ்வாறே நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் இரண்டையும் ஒன்றாகவே கருதும். இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. ‘பந்தல்’ எனினும் ‘பந்தர்’ எனினும் பொருள் ஒன்றே. அதனைப் போலி என்கிறோம். ‘அரம்’ எனின் ஒரு பொருள். ‘அறம்’ எனின் வேறு பொருள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் போலி. லினக்ஸுக்கு அவை ரகர றகரம் போன்றவை. இரண்டு கொள்கைகளுள் ஒன்றைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம். இரண்டையும் இணைக்கும் இடத்தில், எக்கொள்கை வழி நடக்கிறோம் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யாததே தவறு.

குளச்சல் மாணவர் வைத்திருந்தது தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினி. அதில் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை அவர் பயன்படுத்தி வந்தார். ஆகவே அவரிடம் இரண்டு கோப்புகளும் இடரின்றி அடுத்தடுத்து இருந்தன. கிட்டும் பெயர்களை எழுத்தெண் பிசகாது காப்பது. அதன் ஏட்டிலும் அவை இரண்டாகவே இருந்தன. எம் விண்டோஸ் கணிப்பொறியில் அவை இறங்கியபோது, எண் வரிசைப்படி 85 முந்தியது. உம்மாவின் பேச்சு முதலில் எழுதப்பட்டது. அடுத்து 117 வந்தது. அதே பெயர்தானே என்று கருதிய விண்டோஸ், அதே இடத்தில் சொற்பதிவை எழுதியது. பதினான்கு பக்கங்களின் மேல் மூன்று வரிகள் அமர்ந்தன. அதன்பின் கிட், உம்மாவின் பேச்சு எங்கே என்று பார்த்தது. அப்பெயரில் மூன்று வரிகள் இருக்கக் கண்டு, ‘மாற்றப்பட்டுள்ளது’ என்று உண்மையையே உரைத்தது. அம்மாற்றத்தை ஏற்றுக்கொள்க என்று ஆணையிட்டது நாம்.

நாம் படியாது விட்ட வரிகளும் வீணானவை அல்ல. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த கிட் 2.20-ஆம் பதிப்பு முதல், ஒரு தொகுப்பை முதன்முறை இறக்கும்போது இத்தகைய பெயர்கள் மோதிக்கொண்டால், மோதிய பெயர்களைக் குறித்து எச்சரிக்கை வரும். அதுவே எம் கண்முன் ஓடி மறைந்தது.

பெரியோர் வீட்டிலும் உண்டு

இப்பிழை கற்றுக்குட்டிகளாகிய நமக்கு மட்டுமே நேர்ந்தது என்று வெட்கியிருந்தோம். எம் மருமகன் லினக்ஸின் மூலநிரலையே சான்று காட்டினார். அதில் வலைப்போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் என்னும் பகுதியில், டி.சி.பி.எம்.எஸ்.எஸ்., டி.எஸ்.சி.பி. முதலிய பெயர்களில் இணை இணையாகக் கோப்புகள் உள்ளன. ஓர் இணையில் ஒன்று பெரிய எழுத்து. மற்றது சிறிய எழுத்து. சிறிய எழுத்துக் கோப்பு, வந்த செய்தி குறித்த வகையைச் சேர்ந்ததா என்று சோதிப்பது. பெரிய எழுத்துக் கோப்பு, அச்செய்தியின்மீது ஒரு செயலை நிகழ்த்துவது. எம் மாணவர் பொதுப்பெயரையும் சிறப்புப்பெயரையும் பிரித்ததுபோலவே அவர்களும் பிரித்திருக்கின்றனர். லினக்ஸ் கணினியில் அஃது இடரற்ற வழக்கம். அம்மூலநிரலை விண்டோஸிலோ மேக்கிலோ இயல்பான அமைப்பில் இறக்குவோர், தாம் தொடாத கோப்புகள் மாறியிருப்பதாக அறிவிப்பு வரக் கண்டு இன்றும் திகைக்கின்றனர்.

இது வெறும் திகைப்போடு நிற்பதுமன்று. கிட் தன் சொந்தக் குறிப்புகளைத் தன் பெயராலேயே அமைந்த மறை கோப்புறை ஒன்றில் வைத்துக்கொள்ளும். தீய நோக்குடையார், அக்கோப்புறையின் பெயரைப் பெரிய எழுத்தில் மாற்றியெழுதித் தம் தொகுப்பில் சேர்த்துவிட்டால், கிட் அதனை வேறு பெயர் என நம்பி ஏற்கும். விண்டோஸோ அதே பெயர் என்று கொண்டு உள்ளே எழுதவிடும். பிறர் கட்டளைகள் நம் கணிப்பொறியில் இயங்க அது வாயிலாகும். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் இக்குறை வெளியிடப்பட்டு, திருத்திய பதிப்புகளும் உடன் வந்தன. ஒரே எழுத்தா, வேறெழுத்தா என்ற சிறு கேள்வி பூட்டின் உறுதியைத் தீர்மானிக்கும் அளவுக்கு வளர்ந்தமை எண்ணத்தக்கது.

பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக மாற்றுவதும் எங்கும் ஒருதன்மைத்தன்று. துருக்கியர் 1928-ஆம் ஆண்டு அரபு எழுத்தை விட்டு உரோமன் எழுத்துக்கு மாறினர். பெரிது சிறிது அறியாத எழுத்திலிருந்து அவ்வேறுபாடு உள்ள எழுத்துக்கு வந்தவர்கள், ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தைப் புள்ளியுள்ளது, புள்ளியற்றது என இரண்டாக்கிக்கொண்டனர். புள்ளியுள்ள சிறிய எழுத்துக்கு இணையான பெரிய எழுத்தும் அங்கே புள்ளி பெறும், ஆங்கிலத்தில் பெறாது. ஆகவே ஒரே பெயர்தானா என்ற கேள்விக்கு இங்கிலாந்தும் துருக்கியும் வெவ்வேறு விடை கூறக்கூடும்.

நம் எழுத்தில் உள்ள இடர்

இதைக் கேட்ட மாணவர் சிலர், “அப்படியானால் தமிழிலேயே பெயரிட்டுவிடலாமே, நமக்குத்தான் பெரிது சிறிது இல்லையே” என்றனர். நல்ல கேள்வி. நாமும் அவ்வாறே நினைத்தோம். ஆனால் நம் எழுத்துக்கும் அதற்கேயுரிய இடர் ஒன்று உண்டு.

யூனிகோடு முறையில் ‘தோ’ என்னும் எழுத்தை இருவழியில் அமைக்கலாம். தகரத்தோடு, ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒருவழி. தகரத்தோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு வழி. யூனிகோடு விதிப்படி இவ்விரண்டும் ஒன்றற்கொன்று நிகரானவை. திரையில் பார்த்தாலும், தாளில் அச்சிட்டாலும் வேறுபாடு தெரியாது. எண்கள் மட்டும் வேறு. ஆகவே ‘தோப்பில்’ என்று இருவர் இருமுறையில் பெயரிட்ட இரண்டு கோப்புகள், லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒரே கோப்புறையில் ஒன்றுபோலவே தோன்றி நிற்கும். ‘கொல்லம்’, ‘கோட்டாறு’, ‘கௌரவம்’ எல்லாவற்றுக்கும் இதே நிலை. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறையோ இத்தகைய எழுத்துகளைப் பிரித்தே சேமித்தது. அதனால் நாம் சேர்த்தெழுதிய பெயரைக் கிட் அங்கே காணாது புதிய கோப்பென்று எண்ணும் தொல்லை எழ, 2012-இல் அதற்கெனத் தனி அமைப்பு ஒன்று கிட்டில் சேர்க்கப்பட்டது. முன்னதில் இரண்டு ஒன்றாயிற்று. இதில் ஒன்று இரண்டாகிறது.

ஏட்டுச்சுவடி கற்றோர்க்கு இதுவும் பழகிய துன்பமே. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாது எழுதிய ஏடுகளில் எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நின்றன. வீரமாமுனிவர் (1680–1747) வடிவத்தில் வேறுபாடு செய்து அக்குழப்பத்தை நீக்கும்வரை, படிப்போர் இடம் நோக்கியே குறிலா நெடிலா என்று தெளிய வேண்டியிருந்தது. மனிதர் இடம் நோக்கித் தெளிவர். கணிப்பொறி இடம் நோக்காது, எண்ணையே நோக்கும். ஆகவே தெளிவை நாமே முன்கூட்டிச் செய்து கொடுக்க வேண்டியுள்ளது.

மீட்டது எவ்வாறு

உம்மாவின் பேச்சு என்னாயிற்று என்று படிப்போர் கேட்கக்கூடும். இரண்டு இரவுகள் நமக்கு உறக்கமில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை மாலை எம் மருமகன் ஊருக்கு வந்தார். நம் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, எதுவும் போகல. பேருதான் மாறி உக்காந்திருக்கு” என்றார்.

அவர் விளக்கியது இது. கிட் ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைப் பெயரோடு சேர்த்து வைப்பதில்லை. உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட நாற்பது இலக்க அடையாளம் ஒன்றை அதற்கு இட்டுத் தனியே சேமிக்கிறது. இந்த நாளில், இந்தப் பெயர், இந்த உள்ளடக்கத்தைக் குறித்தது என்ற பட்டியல் வேறிடத்தில் இருக்கிறது. நாம் மாற்றியது பட்டியலின் கடைசிப் பக்கத்தை மட்டுமே. முன்பக்கங்கள் அப்படியே உள்ளன. மாணவரின் லினக்ஸ் மடிக்கணினியில், பெரிய எழுத்துப் பெயரின் வரலாற்றைக் கேட்டார். நாம் கைவைத்த நாளுக்கு முந்தைய பதிப்பை வரவழைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கதம்பையும் கால்வாயும் கொழும்புக் கடிதமும் திரையில் வந்தன. “வாயில சொல்லிப் பாரு” என்ற வரியை மாணவர் விடாமல் எழுதியிருந்தார். அவ்வரி வந்தபோது நாம் எழுந்து வெளியே சென்று சிறிது நேரம் நின்றோம்.

அன்றிரவே விதிகள் சிலவற்றை எழுதித் துறையின் சுவரில் ஒட்டினோம். இத்தகைய பணியில் இறங்கும் பிற துறையினர்க்கும் பயன்படும் என்பதால் அவற்றைச் சுருங்கக் கூறுகிறோம். ஆங்கிலப் பெயராயின் முழுவதும் சிறிய எழுத்தும் எண்ணும் இணைப்புக் கோடும் மட்டுமே. பெரிய எழுத்தும் இடைவெளியும் கூடா. சொற்பதிவு ஒரு கோப்புறை. பேச்சுப்பதிவு மற்றொரு கோப்புறை. எழுத்தின் அளவால் வகை பிரித்தல் கூடாது. ஒரே பெயரை ஒலிபெயர்க்கும் முறையை ஒரு தாளில் எழுதி வைத்து அதனையே பின்பற்ற வேண்டும். தேங்காய்ப்பட்டணத்தையே நால்வர் நால்வகையாக ஆங்கிலத்தில் எழுதுகின்றோம் அல்லவா? தமிழ்ப் பெயராயின் எழுத்துகளைச் சேர்ப்பு வடிவுக்கு மாற்றிய பின்னரே சேர்க்க வேண்டும். எழுத்தளவை மட்டும் மாற்றிப் பெயர் திருத்த வேண்டுமாயின், கிட்டின் பெயர்மாற்றக் கட்டளையாலேயே மாற்ற வேண்டும்; அதுவும் முதலில் முற்றிலும் வேறான ஓர் இடைப்பெயருக்கு மாற்றி, அதன்பின் விரும்பிய பெயருக்கு மாற்றுவது பாதுகாப்பு. இயந்திரம் ‘மாறியுள்ளது’ என்று சொன்னால், என்ன மாறியது என்று திறந்து பார்க்காமல் ஏற்றல் கூடாது. கடைசி விதியை எல்லா விதிகளுக்கும் மேலே, சற்றுப் பெரிய எழுத்தில் எழுதினோம். சுவரில் பெரிய எழுத்தால் தீங்கில்லை.

உம்மாவின் பேச்சுக்குப் புதிய பெயர் இட வேண்டியிருந்தது. எண்ணும் ஊர்ப் பெயரும் ஆண்டும் கொண்ட பெயரை மருமகன் முன்மொழிந்தார். விதிக்கு அதுவே பொருந்தும், அதனையே இட்டோம். குளச்சல் மாணவருக்கு மட்டும் சற்று வருத்தம். அவர் இட்ட பெரிய எழுத்து அதில் இல்லை. “தம்பி, நீர் செய்ததில் பிழை இல்லை. நீர் மரியாதையாக எழுதினீர், அந்த மரியாதையை அறியாத இடத்திற்கு நாம் அதனைக் கொண்டுபோய்விட்டோம்” என்று அவரிடம் கூறினோம். கோப்பின் உள்ளே முதல் வரியில் பேசியவர் பெயர், வாப்பா பெயர், தெரு, நாள் ஆகியவற்றை முறையாக எழுதி வைத்தோம். இன்னார் என்று அறிவிக்கும் பொறுப்பை ஓர் எழுத்தின் உயரத்திடம் விடாமல், உள்ளே சொற்களாக எழுதி வைப்பதே தக்கது எனத் தெளிந்தோம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கின்றோம். மொழியைக் கணிப்பொறியில் ஏற்றுவது கணிப்பொறித் துறையாரின் வேலை என்று ஒதுங்க வேண்டா. எது ஒன்று, எது வேறு, எது போலி, எது வேற்றெழுத்து என்று ஆராய்வது நம் இலக்கணத்தின் தொடக்கப் பாடம். அப்பாடத்தைக் கோப்புப் பெயருக்கும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் நமக்கிருந்தால் அவ்விரண்டு இரவுகள் நேர்ந்திரா.

ஊர்ப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எம் தொகுப்பில் இன்னும் இடம் நிரம்ப உள்ளது. வள்ளம் ஓட்டியவர், கயிறு திரித்தவர், கொழும்புக்குச் சென்று வந்தவர், வீட்டில் காத்திருந்தவர் யாராயினும் பேச முன்வர வேண்டும். மாணவர் வீட்டுக்கே வருவர். பதிந்த குரலை இப்போது மூன்று இடங்களில் வைக்கின்றோம்.